வாடகை விமானம்: பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில், விமானிகள் தாங்களே ஓட்டிச் செல்ல வாடகைக்கு நிற்கும் செஸ்னா 172 என்ற சிறு விமானங்களில் பல 1970களில் செய்யப்பட்டவை. வயது ஒரு குறையே அல்ல. புதுப் பெயின்டைக் கண்டு நம்புவதும், கிழிந்த இருக்கையைக் கண்டு மிரள்வதும்தான் முதல் தவறு. இருக்கை உறை உரிமையாளரின் ரசனையைச் சொல்லும். என்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதைச் சொல்வது பராமரிப்புப் பதிவேடு. அது பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அமெரிக்கச் சட்டம் விமானியின் தலையிலும் வைத்திருக்கிறது. காட்டத் தயங்கும் இடத்தில் நான் வாடகைக்கு எடுக்க மாட்டேன்.

“ஆண்டுப் பரிசோதனை முடிந்துவிட்டது” என்ற பதிலோடு திருப்தி அடைவது அடுத்த தவறு. கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றினாலோ, நிறுவனமே தன் விமானத்தில் பயிற்சி கொடுத்தாலோதான் 100 மணி நேரம் பறந்ததற்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். வெறும் வாடகைக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே எண்ணெய் மாற்றிய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். எண்ணெய் வடிகட்டி பொருத்திய லைகமிங் நிறுவன என்ஜினுக்கு 50 மணி நேரம் பறந்ததற்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். கழற்றிய வடிகட்டியை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்ததாக மெக்கானிக் எழுதியிருந்தால், அக்கறையான கை என்று தெரிந்துகொள்ளலாம்.

விமானிகள் எழுதும் குறைப் பட்டியல் காலியாக இருந்தால் பலர் மகிழ்கிறார்கள். தினமும் பறக்கும் விமானத்தில் ஒரு குறைகூட இல்லையென்றால், யாரும் எழுதுவதில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். எழுதிய குறை எத்தனை நாளில் சரியானது, அதே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

பழைய செஸ்னாக்களில், இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். தேய்ந்த துளையில் பூட்டு சரியாக விழாவிட்டால், மேலெழும்போது இருக்கை பின்னால் சறுக்கும். விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரமும் கூடவே வரும்; மூக்கு செங்குத்தாக உயரும். உயிர்கள் போயிருக்கின்றன. இந்தத் தண்டவாளங்களைத் தொடர்ந்து சோதிக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாய உத்தரவே போட்டிருக்கிறது. அது நிறைவேற்றப்பட்ட பதிவைக் கேளுங்கள். உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் பலமாக அசைத்துப் பாருங்கள்.

கடைசியாக மேக்னட்டோ சோதனை. மேக்னட்டோ என்பது என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி; ஒரு என்ஜினில் இரண்டு இருக்கும். செஸ்னா 172என் ரகத்தில் நிமிடத்துக்கு 1700 சுழற்சியில் ஒரு மேக்னட்டோவுக்கு மட்டும் மாற்றினால் என்ஜின் வேகம் 125 சுழற்சிக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. இதைப் பலரும் அறிவார்கள். கொஞ்சமும் குறையாவிட்டால் “அருமையான என்ஜின்” என்று மகிழ்வதுதான் ஆபத்து. மேக்னட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும், புரொப்பல்லரைக் கையால் அசைத்தாலே என்ஜின் உயிர்பெறக்கூடும். யாரையும் அருகில் விடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.