வாய்ப் புற்று அறுவைக்குப் பின் ஃபிளாப்: கூட இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

நாக்கிலோ கன்னத்திலோ புற்றுக் கட்டியை எடுத்தபின் விழும் பள்ளத்தை மூட, முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலையும் சதையையும் ரத்தக் குழாயோடு எடுத்து வைப்பார்கள். தாடை எலும்பும் போயிருந்தால் காலின் ஃபிபுலா எலும்பு. இதற்குத்தான் ஃபிளாப் என்று பெயர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கிறார்கள். கைதேர்ந்த மருத்துவமனைகளில் 100-க்கு 95 ஃபிளாப்புகளாவது பிழைத்துவிடும். கெடுவதில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கெடுகின்றன.

அந்த நாட்களில் செய்யும் பெரிய தவறு, ஃபிளாப்பில் மாற்றம் தெரிந்தும் “காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்லிக்கலாம்” என்று இருந்துவிடுவது. குழாயில் ரத்தம் கட்டியிருந்தால் சில மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்ய வேண்டும். விடியும்வரை அது தாங்காது. ஃபிளாப் வெளிறிப்போய்ச் சில்லென்றிருந்தால் தமனி (ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் குழாய்) அடைப்பு என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஏமாற்றுவது சிரை (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) அடைப்புதான், அதுதான் அதிகமும் வருகிறது. தொடக்கத்தில் ஃபிளாப் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்திவிட்டால் சட்டென நிறம் திரும்பும். “ஆஹா, ரத்தம் நன்றாக ஓடுகிறது” என்று தோன்றும். பிறகு வீங்கி நீலம் பாரிக்கும். நர்ஸ் ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம் வேகமாக வரும். இன்னொரு பக்கம், வாய்க்குள் வைத்த தொடைத் தோல் அக்கம்பக்கத்தை விட வெளுப்பாகத் தெரிவது இயல்பு. அதன் நிறத்தைத் தொடையோடுதான் ஒப்பிட வேண்டும், ஈறோடு அல்ல.

கழுத்தையும் பலர் கவனிப்பதில்லை. டிரக்கியாஸ்டமி டியூபின் (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) நாடாவை இறுக்கிக் கட்டுவது, உயரமான தலையணை வைப்பது, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தூங்கவிடுவது எல்லாம் அந்த மெல்லிய சிரையை நசுக்கும்.

அப்புறம் சாப்பாடு. மூக்குக் குழாயில் ஊற்றுவது சாப்பாடே இல்லை என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம். பாசத்தில் ஒரு வாய் இளநீர் கொடுத்துவிடுவார்கள். தையல் ஆறாமல் விட்டுப்போனால் எச்சில் கழுத்துக்குள் கசியும், சீழ் பிடிக்கும், இணைத்த குழாயே அடைபடலாம். ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டிய கதிர்வீச்சும் தள்ளிப்போகும். முன்பே கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். டாக்டர் சொல்லும்வரை ஒரு சொட்டும் வேண்டாம்.

அறுவைக்கு முன்பு பீடி, புகையிலைப் பழக்கத்தை மறைப்பவர்களும் உண்டு. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், காயம் ஆறுவதைக் கெடுக்கும். வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம். ஃபிளாப் எடுக்கப்போகும் கையில் டிரிப் ஏற்றவும் விடக்கூடாது. எந்தக் கை என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயை வெட்டி இணைக்காமல், மார்புத் தசையை அப்படியே திருப்பி வைக்கும் ஃபிளாப் முறையைப் பழைய வைத்தியம் என்று சிலர் குறையாகப் பேசுவதுண்டு. 1979 முதல் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய முறை அது. அதில் ஓரம் மட்டும் கறுத்தால் முழுதும் போய்விட்டது என்று பதற வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். பல சமயம் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு ஆறவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று: ஃபிளாப்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. சூடான காப்பி வெந்துபோகச் செய்தாலும் தெரியாது. ஆற்றித்தான் கொடுக்க வேண்டும்.