அட்டையில் தெரியும் கோடும் தவறிப்போகும் நாட்கணக்கும்

வீட்டிலேயே செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனை தவறான பதிலைச் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நாட்கணக்கைத்தான். உறவு கொண்ட ஐந்தாம் நாளே சோதித்துவிட்டு, ஒற்றைக் கோட்டைப் பார்த்ததும் ‘இல்லை’ என்று முடிவு கட்டிவிடுபவர்கள் நிறைய. அந்த நாளில் கரு உண்டாகியிருந்தாலும் ஒற்றைக் கோடுதான் வரும்.

பரிசோதனை அட்டை தேடுவது ஹெச்.சி.ஜி. என்ற ஒரே ஒரு ஹார்மோனை. கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்த உடனே அது சிறுநீருக்கு வந்துவிடாது. கரு நகர்ந்து வந்து கருப்பைச் சுவரில் பதிந்த பிறகுதான் ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து சிறுநீருக்கு வரும். கருமுட்டை வெளியான 6 முதல் 12 நாட்களுக்குள் கரு பதியும். பெரும்பாலானவர்களுக்கு 8, 9, 10ஆம் நாட்களில். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஹார்மோன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல அட்டைகளுக்கு ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி யூனிட் அளவாவது இருந்தால்தான் கோடு விழும். இன்று 5 என்றால், இரண்டு நாளில் 10, நான்கு நாளில் 20, ஆறு நாளில் 40. அதே பெண், அதே கரு. திங்கட்கிழமை ‘நெகட்டிவ்’, ஞாயிற்றுக்கிழமை ‘பாசிட்டிவ்’. இரண்டு முடிவுகளிலும் அட்டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

ஆகவே மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் நாள் தள்ளிப்போன பிறகு சோதிப்பதே நல்லது. எப்போது வரும் என்றே சொல்ல முடியாதவர்கள், பாதுகாப்பில்லாமல் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாட்கள் கழித்துச் சோதிக்கலாம். ‘நெகட்டிவ்’ வந்தும் மாதவிடாய் வரவில்லையா? மூன்று நாள் முதல் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் தெளிவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும்.

‘14ஆம் நாள்’ எல்லோருக்கும் பொருந்தாது

மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் கருமுட்டை 14ஆம் நாள் வெளியாகும் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. உண்மையில் அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்பு அது வெளியாகிறது. 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் வாக்கில். 24 நாள் என்றால் 10ஆம் நாள் வாக்கில். வெளியான முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிரோடு காத்திருக்கும். அந்த 5 நாட்களும் முட்டை வெளியாகும் நாளும் சேர்ந்து ஆறு நாட்கள்தான் கரு தங்க வாய்ப்புள்ளவை. 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு இந்த ஆறு நாட்கள் 5ஆம் நாளிலேயே தொடங்கிவிடும். அப்போது பலருக்கு ரத்தப்போக்கே முழுதாக நின்றிருக்காது. ‘மாதவிடாய் நேரத்தில் கரு தங்காது’ என்ற நம்பிக்கை இங்கேதான் ஏமாற்றுகிறது.

கைப்பேசிச் செயலி காட்டும் தேதியும் பழைய மாதங்களை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். காய்ச்சல், மன அழுத்தம், எடை மாற்றம் போன்றவை முட்டை வெளியாவதைத் தள்ளிப்போட்டால் மாதவிடாயும் தள்ளிப்போகும். நாள் தள்ளிப்போவது ஒன்றே கர்ப்பத்துக்குச் சான்றாகாது.

உறவின்போது விந்து வரும் முன் வெளியே எடுத்துவிட்டால் போதும் என்று நம்பியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த முறையை மட்டும் நம்பும் 100 பெண்களில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய 20 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வேறொரு தவறான நிம்மதி. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், மாதவிடாய் திரும்பாமல், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தால்தான் அது நல்ல பாதுகாப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் போய்விட்டது. முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளியாகிவிடலாம் என்பதால் ‘இன்னும் வரவில்லையே’ என்று இருந்துவிடக் கூடாது.

வீண் பயமும் உண்டு. துணியின் மேலாக விந்து பட்டது, கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம் ஆகியவற்றால் கரு உண்டாகாது. இதை நினைத்துத் தூக்கம் இழப்பவர்கள், பெரும்பாலும் சிறு வயதினர், ஏராளம். அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அவசர மாத்திரைக்குப் பிறகு

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கரு தங்காமல் தடுக்கும் அவசர மாத்திரைகளில், லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். யுலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்றால் 120 மணி நேரம் வரை. 5 நாட்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. மாத்திரை முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே பதிந்த கருவைக் கலைக்காது. போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை வேண்டும்.

பலரும் வழுக்கும் இடம் இதற்குப் பிறகுதான். மாத்திரை போட்டாயிற்று என்று அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் உறவு கொள்கிறார்கள். முட்டை தள்ளித்தானே போயிருக்கிறது, அது பின்னால் வரும்! சில நாட்களில் லேசாக ரத்தம் பட்டால் அதையே ‘மாதவிடாய் வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அது மாத்திரையின் விளைவாக இருக்கலாம். மூன்று வாரத்துக்குள் வழக்கமான மாதவிடாய் வராவிட்டால் சோதித்துப் பாருங்கள்.

அட்டையைக் கையாளும்போது

காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, சோதிக்கப் போகும் நிமிடத்தில்தான் உறையைக் கிழிக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் அட்டை கெடும். சோப்பு ஒட்டியிருக்கும் கிண்ணம் கூடாது. காலை எழுந்ததும் முதல் சிறுநீர் நல்லது, இரவு முழுக்கத் தேங்கி அடர்த்தியாக இருக்கும். பகலில்தான் முடியும் என்றால் நான்கு மணி நேரமாவது அடக்கி வைத்திருந்து பாருங்கள். சிறுநீர் வரவேண்டும் என்று இரண்டு மூன்று டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சோதிப்பது ஆரம்ப நாட்களில் முடிவையே மாற்றிவிடும்.

சொட்டு விடும் அட்டையில் தாளில் சொன்ன அளவு மட்டும், பெரும்பாலும் 3 சொட்டு. கூடுதலாக ஊற்றினால் சாயம் கலங்கிப் பரவும். முக்கும் பட்டையில் அம்புக்குறி எல்லைக்கு மேல் நனையக் கூடாது. சமதளத்தில் வைத்துவிட்டு, அலாரம் வையுங்கள்: தாளில் 5 நிமிடம் என்றிருந்தால் 5 நிமிடத்தில் பாருங்கள், 10 நிமிடம் தாண்டினால் பார்க்காதீர்கள்.

அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் ‘சி’ கோடு வரவில்லை என்றால் சோதனையே செல்லாது, முடிவைக் காட்டும் ‘டி’ கோடு எப்படி இருந்தாலும் சரி. நேரத்துக்குள் ‘டி’யில் நிறத்தோடு ஒரு கோடு வந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது ‘பாசிட்டிவ்’தான், இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். அரை மணி நேரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது தெரியும் நிறமற்ற, சாம்பல் நிறக் கீற்று சிறுநீர் காய்ந்த தடம். இந்தத் தடத்தைப் பார்த்து நம்பிக்கை கொண்டு உடைந்துபோனவர்கள் எத்தனையோ பேர். கோடு எவ்வளவு அடர்த்தி என்று நாள்தோறும் ஒப்பிட்டுக் கருவின் நலத்தை ஊகிக்கவும் வேண்டாம், அட்டை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கருமுட்டை நாளைக் கண்டுபிடிக்கும் பட்டையும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். அதில் இரண்டு கோடு வருவது சாதாரணம், கர்ப்பம் என்று பொருளில்லை. உப்பு, சர்க்கரை, பற்பசை வைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ஹெச்.சி.ஜி.யை அறியும் வழியே கிடையாது.

கருத்தரிப்புச் சிகிச்சையில் ஹெச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே இரண்டு வாரம் வரை கோடு காட்டலாம். கருச்சிதைவு, கருக்கலைப்பு, பிரசவம் ஆன பிறகும் சில வாரங்களுக்கு ஹார்மோன் மிச்சமிருக்கும். கருத்தடை மாத்திரையோ சாதாரண ஆன்டிபயாடிக்கோ முடிவை மாற்றாது.

இரண்டு கோடு வந்த பிறகு

கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அதாவது கரு உண்டாவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே. ‘5 வாரம்’ என்று மருத்துவர் சொன்னால் கரு உருவாகி மூன்று வாரம்தான் ஆகிறது. இது தெரியாமல் ‘அப்போது நான் ஊரிலேயே இல்லையே’ என்று கணவர் கேட்க, ஒரு பாவமும் அறியாத பெண்கள் அழுதிருக்கிறார்கள்.

கரு இருக்கிறது என்று மட்டுமே அட்டை சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. கருக்குழாயில் தங்கினாலும் இரண்டு கோடு வரும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் போலவே ரத்தம் பட்டிருந்தாலும், காப்பர்-டி இருந்தாலும், குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்திருந்தாலும் இது பொருந்தும். காப்பர்-டி இருப்பவர்களுக்கும் அறுவை செய்தவர்களுக்கும் கரு தங்குவது அரிது. அரிதாகத் தங்கும்போது கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், இவற்றில் எது உங்களுக்கு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.