பெரிய சைஸ் உடம்புக்கு உடற்பயிற்சி உடை: எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

முதல் நாள் உடற்பயிற்சி வகுப்புக்கு வீட்டில் போடும் காட்டன் லெக்கிங்ஸிலும் தொளதொள டீ-ஷர்ட்டிலும்தான் போனேன். இருபது நிமிடத்தில் லெக்கிங்ஸ் வியர்வையைக் குடித்துக் கனத்துவிட்டது. இடுப்புப் பட்டை சுருண்டு சுருண்டு கீழே இறங்கியது. குனிந்து நிமிரும்போதெல்லாம் அதை மேலே இழுத்துவிட ஒரு கை வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்தொடையும் உரசிச் சிவந்திருந்தன. அடுத்த மூன்று நாள் நடந்தாலே எரிந்தது. எனக்கு உடற்பயிற்சி ஒத்துவரவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒத்துவராதது உடை.

இப்போது நான்காவது வருடமாக வாரம் மூன்று நாள் போகிறேன். பின்புறச் சுற்றளவு 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர். கையில் பணம் அதிகம் புரளாத நிலையில் வாங்கி, தவறி, திருத்திக்கொண்டவைதான் இங்கே எழுதுவது.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள். மார்பு, மார்புக்குக் கீழே விலாவை ஒட்டி, இடுப்பு, பின்புறம் அதிகம் புடைத்திருக்கும் இடம், தொடையின் மேல்பகுதி. இந்த ஐந்தையும் போனில் குறித்து வையுங்கள். ஒரு கம்பெனியின் 3 எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எக்ஸ்எல் அளவுக்குத்தான் இருக்கும். எழுத்தை நம்பினால் ஏமாந்துபோவோம், அங்குலத்தை நம்பலாம். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்காதீர்கள். "மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கவும் வேண்டாம். வகுப்புக்குப் போகப்போவது இன்றைக்கு இருக்கிற உடம்பு. அதற்கு மூச்சு முட்டாத உடை வேண்டும்.

பணம் குறைவு என்றால் முதலில் ஒதுக்க வேண்டியது ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு. இதில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மார்பின் பாரத்தைத் தோள்பட்டை வார் தாங்குகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் தாங்குவது விலாவைச் சுற்றி வரும் கீழ்ப்பட்டை. அந்தப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. கையைத் தூக்கும்போது முதுகுப்பக்கம் பட்டை மேலே ஏறினால் அது பெரிய சைஸ். வார் தோளில் பள்ளம் விழுத்தினாலும் பெரும்பாலும் காரணம் கீழ்ப்பட்டை தளர்வாக இருப்பதுதான். வாரை இறுக்கிப் பிரயோஜனமில்லை. மார்பை ஒரேயடியாக அமுக்கும் வகையைவிட, இரு பக்கமும் தனித்தனிக் கப் வைத்துத் தைத்தது கனத்த மார்புக்கு நன்றாகத் தாங்கும். வார் அகலமாக இருக்கட்டும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில், சரியாக உட்கார வேண்டும். நாளாக எலாஸ்டிக் தளரும். அப்போது உள்கொக்கிக்கு மாறலாம்.

தலைவழியாகப் போடும் மாதிரி ஒன்றை வாங்கினேன். போடும்போது ஒன்றும் தெரியவில்லை. வகுப்பு முடிந்து வியர்த்த உடம்பிலிருந்து அதைக் கழற்ற முடியாமல் தோள் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து கொக்கியோ முன்பக்கம் ஜிப்போ இருப்பதைத்தான் வாங்குகிறேன்.

அடுத்தது லெக்கிங்ஸ். டிரையல் ரூமுக்குள் போகும் முன்னேயே அதை உள்புறம் திருப்பிப் பாருங்கள். இரண்டு கால் தையலும் கவட்டில் ஒரே புள்ளியில் சந்தித்தால், அந்த இடம்தான் முதலில் உரசும், முதலில் கிழியும். நல்லதில் அங்கே டைமண்டு வடிவத்திலோ முக்கோணமாகவோ தனித்துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். தையலை விரலால் தடவுங்கள். கயிறு மாதிரி புடைத்து நின்றால் அது உள்தொடையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். படுத்தாற்போல் தட்டையாக இருக்கும் தையல்தான் நமக்கு. லேபிளில் பாலியெஸ்டர் அல்லது நைலானோடு ஸ்பான்டெக்ஸோ எலாஸ்டேனோ (இரண்டும் ஒன்றுதான், லைக்ரா என்பதும் அதுவே) 15 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் இழுத்துப் பிடித்து நிற்கும். இடுப்புப் பட்டை நான்கு விரல் அகலமாவது, இரட்டைத் துணியில், தொப்புளுக்கு மேல் வருமாறு இருக்கட்டும். மெல்லிய எலாஸ்டிக் வைத்தது சுருளும்.

போட்ட பிறகு கண்ணாடி முன் நின்றுவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். முழுக்கக் குந்தி எழுங்கள், ஐந்து தடவை. முழங்காலை மார்பு வரை தூக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் குனிந்து, பின்புறத் துணி வெளிறி உள்ளாடை தெரிகிறதா என்று திரும்பிப் பாருங்கள். "உங்க சைஸுக்கு இதுதான் இருக்கு" என்று ஒரு கடையில் அவசரப்படுத்தினார்கள். நானும் கூச்சத்தில் சரி என்று வாங்கிவந்து இரண்டே வகுப்பில் தூக்கிப்போட்டேன். இப்போதெல்லாம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஆன்லைன் என்றால் லேபிளைப் பிய்க்காமல் வீட்டில் இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பும் தேதிக்குள் முடிவு செய்யுங்கள். ஒன்று பொருந்திய பிறகே இரண்டாவது. போன சீசன் நிறம் மலிவாகக் கிடைக்கும். நிறத்துக்காக ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?

மிச்சம் பிடிக்கும் இடம் மேலாடை. ஆண்கள் பிரிவில் பாலியெஸ்டர் விளையாட்டு டீ-ஷர்ட் பல சமயம் பெரிய சைஸில், குறைந்த விலையில் இருக்கும். பின்புறத்தில் பிடித்தால் பக்கவாட்டில் கீழே கொஞ்சம் திறப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், டெய்லருக்கு அது சின்ன வேலை. கையைத் தூக்கினால் வயிறு தெரியாத நீளம் போதும். உடம்பை மறைக்கவென்று மிகத் தொளதொளப்பாகப் போட எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் தலைகீழாகக் குனியும்போது அது முகத்தில் வந்து விழுகிறது, அகலக் கால்சட்டையோ காலைத் தடுக்கும். தவிர, முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பயிற்சியாளருக்குத் தெரிந்தால்தான் திருத்த முடியும்.

உரசல் இன்னும் இருந்தால், உள்தொடையில் வாஸ்லின் தடவிக்கொண்டு போங்கள்.

வாரம் மூன்று நாளைக்கு இரண்டு லெக்கிங்ஸ், இரண்டு பிரா, மூன்று டீ-ஷர்ட் போதும். வந்த உடனே உள்புறம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். வெந்நீர், பிளீச், துணி மென்மையாக்கும் திரவம் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். மூன்றாவது நூலில் படலமாகப் படிந்து வியர்வையை இழுக்கவிடாது. அப்புறம், மாதம் ஒரு தடவை லெக்கிங்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாக அறுந்த எலாஸ்டிக் நூல் தெரிந்தால் அதை வீட்டு வேலைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.