குடல் அழற்சி கிளம்பியிருக்கும்போது: கஞ்சியிலிருந்து கறிதோசை வரை

கிரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அது சாதாரண வயிற்றுப்போக்கு இல்லை; குடல் சுவரிலேயே புண். புண்ணை ஆற்றுவது மருந்தின் வேலை. அதுவரை குடலை உரசாத சாப்பாடு கொடுப்பதுதான் அடுப்படியின் வேலை.

1. முதல் சில நாட்கள். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்து விசில். மத்தால் மசித்து உப்புப் போடுங்கள். இட்லியும் ஒத்துக்கொள்ளும், மிளகாய்ப்பொடி வேண்டாம், பாசிப்பருப்புத் தண்ணீர் போதும். "குளிர்ச்சி" என்று கம்மங்கூழை யாராவது நீட்டுவார்கள். தவிட்டுச் சக்கை இப்போது ஆகாது.

காய் என்றால் சுரைக்காய். தோல் சீவி, நீளவாக்கில் பிளந்து, விதையோடு பஞ்சை ஸ்பூனால் வழித்தெடுத்து, குழைய வேகவையுங்கள். அதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். கசப்புச் சுரைக்காய் நல்ல குடலிலேயே ரத்தம் வரவைக்கும்.

2. தண்ணீர்ச்சத்து. ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு கூடாது. ஜிகர்தண்டா தள்ளிப்போகட்டும்: சுண்டக் காய்ச்சிய பால், சர்க்கரை, ஐஸ்கிரீம் மூன்றும் சேர்ந்து போக்கைக் கூட்டும். நீர்மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

3. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. போக்கும் ரத்தமும் அடங்கியபின் மூன்று நாளுக்கு ஒரு புதுப் பொருள், வழக்கத்தில் கால் பங்கு. முதலில் முட்டை, பிறகு முள்ளில்லாத மீன். முள்ளோடு போகிற அயிரைக் குழம்பு, கறிதோசை, பரோட்டா எல்லாம் கடைசி வரிசை. என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை போனது, ரத்தம் உண்டா என்று நோட்டில் குறியுங்கள். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்தால் எது கிளப்பியது என்று தெரியாது.

இதற்கு நேரெதிரான தப்பும் உண்டு: அடங்கிய பிறகும் மாதக்கணக்கில் கஞ்சியே குடிப்பது. புரதமும் இரும்பும் குறைந்து உடம்பு இளைத்துப்போகும். குடலில் சுருக்கம் இருப்பவர்கள் மட்டும் சோளம், கடலை, ஆரஞ்சுச் சுளை, இசப்கோல் ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, அடைத்துக்கொள்ளும்.

4. மஞ்சளும் மாத்திரையும். கொலைட்டிஸ் ஆய்வுகளில் மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற சத்தைத் தினம் 2 முதல் 3 கிராம் கொடுத்தார்கள், அதுவும் மெசலமைன் போன்ற குடல் அழற்சி மருந்தோடு சேர்த்து. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான்; ஒரு டீஸ்பூன் தூளில் 0.1 கிராம்கூடத் தேறாது. குழம்புக்குப் போடுகிற மஞ்சள் ருசிக்கு, அவ்வளவுதான். கேப்ஸ்யூலாக அதிக அளவில், மிளகுச் சத்தோடு வருபவை சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. வாங்கிய டப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டே திறங்கள்.

குடல் அழற்சிக்கான சல்ஃபசலசின் மாத்திரை சாப்பிட்டால் ஃபோலிக் அமிலம் குறையும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பி12 குறையும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டை மட்டும் ஒருநாளும் பட்டென்று நிறுத்தாதீர்கள். காய்ச்சல், வயிறு உப்பிய வலி, ரத்தப்போக்கு கூடுவது, இவற்றில் எது வந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.