காத்திருக்கும் த்ரெட்டின் காலடியில் சாக்கெட்டை மூடாதீர்கள்

சர்வரை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. மெயின் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைகளில் முதன்மையானது) சாக்கெட்டை, அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையை, க்ளோஸ் செய்துவிட்டு, இன்னொரு த்ரெட் முடியட்டும் என்று காத்திருக்கும் ஜாயினில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இன்னொன்றோ செய்தி வரட்டும் என்று ரிசீவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ப்ராசஸையே (ஓடும் நிரலையே) வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9.

லினக்ஸில் இது பக் அல்ல. க்ளோஸ் செய்தால் போவது ப்ராசஸின் பட்டியலில் அந்த சாக்கெட்டைக் குறிக்கும் எண் மட்டும்தான். ரிசீவுக்குள் போன த்ரெட் அந்த சாக்கெட்டைக் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையத்துக்குள்) பிடித்துக்கொண்டிருக்கும். அது விடும்வரை எதிர்முனைக்கு ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் ஃபின்கூடப் போகாது. ஜாவாவில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே க்ளோஸ் செய்தால் காத்திருக்கும் த்ரெட்டுக்கு சாக்கெட் எக்ஸெப்ஷன் வந்துவிடும். சி-யிலும் பைத்தானிலும் அந்த உபசாரம் கிடையாது.

தொங்கிப்போனாலாவது கண்ணுக்குத் தெரியும். என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறொன்று. புது கிளையன்ட் அனுப்பும் லாகின் செய்தியின் முதல் சில பைட்டுகள் எப்போதாவது காணாமல் போகும். நடந்தது இதுதான்: ஒரு த்ரெட் 7-ஆம் எண் சாக்கெட்டில் வந்த செய்தியை அலசிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னொரு த்ரெட் 7-ஐ மூடிவிட்டது. காலியாக உள்ள சிறிய எண்ணைத்தான் கர்னல் கொடுக்கும். புதிதாக வந்தவருக்கு அதே 7. பழைய த்ரெட் திரும்பி வந்து ரிசீவ் செய்து, யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டது.

மூடியதும் மாறியில் மைனஸ் 1 போட்டுவிட்டால் போதாதா என்பார்கள். போதாது. எண்ணைப் பார்ப்பதற்கும் ரிசீவை அழைப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இத்தனையும் நடக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? நிறுத்தக் கொடியை (‘நிறுத்து’ என்று குறிக்கும் ஒரு மாறியை) வையுங்கள், சாக்கெட்டின் அனுப்பும், பெறும் இரு திசைக்கும் ஷட்டவுன் கொடுங்கள், ஜாயின் செய்யுங்கள், அப்புறம் க்ளோஸ். ஷட்டவுன் எண்ணை விடுவிக்காது. காத்திருக்கும் ரிசீவை மட்டும் பூஜ்ஜியத்தோடு திருப்பி அனுப்பும். ரிசீவுக்குள் இன்னும் நுழையாத த்ரெட்டும் நுழைந்தவுடனே திரும்பிவிடும். த்ரெட்டுக்கு சிக்னல் (வேலையை இடைமறிக்கும் அறிவிப்பு) அனுப்பி எழுப்பும் வழியில் இந்த உத்தரவாதம் இல்லை. த்ரெட் நுழைவதற்கு ஒரு கணம் முன்னால் சிக்னல் வந்தால் வீண். பூஜ்ஜியம் வந்ததும் ‘கிளையன்ட் போய்விட்டார்’ என்று லாக் எழுதாதீர்கள், முதலில் கொடியைப் பாருங்கள்.

புது இணைப்புகளுக்காக அக்செப்டில் காத்திருக்கும் லிசனிங் சாக்கெட்டை இப்படி எழுப்புவது லினக்ஸில் வேலை செய்யும், மேக்கில் ஷட்டவுனே பிழை தரும். இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் ஒரு பைப் (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் குழாய்) திறந்து, அதையும் சாக்கெட்டையும் சேர்த்து, எதில் எது வந்தாலும் எழுப்பிவிடும் போலில் காத்திருங்கள். நிறுத்த பைப்பில் ஒரு பைட் எழுதினால் போதும். ஒரு விநாடி டைம்அவுட் வைத்துக் கொடியைப் பார்ப்பவர்களும் உண்டு. தப்பில்லை, எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று: லினக்ஸில் க்ளோஸ் ‘குறுக்கீடு’ என்ற பிழையோடு திரும்பினாலும் எண் விடுபட்டிருக்கும். மறுபடி க்ளோஸ் செய்தால், அந்த நொடியில் 7-ஐப் பெற்றவரின் இணைப்பைத்தான் அறுப்பீர்கள்.