தனி ரெஜிஸ்ட்ரியில் உள்ள பேக்கேஜை டோக்கன் கொண்டு நிறுவும் முறை

மண்டபம், பாம்பன் படகு உரிமையாளர்களின் டீசல், ஐஸ் கணக்குகளைப் பார்க்கும் செயலி ஒன்றை நீங்கள் இராமநாதபுரத்தில் இருந்தபடி எழுதுவதாகவும், அதற்குத் தேவையான பேக்கேஜ் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று உங்கள் குழுவின் பெயரில் கிட்ஹப் பேக்கேஜஸ் என்ற ரெஜிஸ்ட்ரியில், அதாவது பேக்கேஜ்களைச் சேமித்து வழங்கும் களஞ்சியத்தில், தனிப்பட்டதாக இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மில் இன்ஸ்டால் கட்டளை கொடுத்ததும், 'கிடைக்கவில்லை' என்னும் 404 பிழை வரும். பேக்கேஜ் காணாமல் போய்விடவில்லை. வேறு முகவரி சொல்லாதவரை என்பிஎம் தன் பொது ரெஜிஸ்ட்ரியில் மட்டுமே தேடும்.

ஆகவே முதல் வேலை முகவரியைச் சொல்வது. புராஜெக்ட் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் என்பிஎம்ஆர்சி என்ற கோப்பை உருவாக்கி, அட் குறியுடன் குழுவின் பெயர், முக்காற்புள்ளி, ரெஜிஸ்ட்ரி என்ற சொல், சமக்குறி, கிட்ஹப் பேக்கேஜஸின் முழு இணைய முகவரி என ஒரே வரியில் எழுதுங்கள். மீண்டும் நிறுவிப் பாருங்கள். இம்முறை 401 வரும். சரியான வாசலுக்கு வந்துவிட்டீர்கள், ஆனால் நீங்கள் யாரென்று அங்கே தெரியவில்லை.

அடுத்தது டோக்கன். இராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையிடம் பெறும் அனுமதி டோக்கனைப் போல, இதுவும் குறித்த வேலைக்கான அனுமதி மட்டுமே. கிட்ஹப் அமைப்புகளில் டெவலப்பர் செட்டிங்ஸுக்குள் சென்று, பர்சனல் ஆக்சஸ் டோக்கன்களில் கிளாசிக் வகையைத் தேர்ந்தெடுங்கள். கிட்ஹப் பேக்கேஜஸ் அந்த வகையைத்தான் ஏற்கிறது. நிறுவுவதற்கு ரீட் பேக்கேஜஸ் என்ற உரிமை போதும், வேறெதையும் டிக் செய்ய வேண்டாம். காலாவதி நாளையும் குறித்துவிடுங்கள். டோக்கன் ஒருமுறைதான் திரையில் காட்டப்படும் என்பதால் உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். புராஜெக்ட் கோப்பு, மாற்றங்களைப் பதிவுசெய்து பகிரும் கிட் வழியாக எல்லோருக்கும் போகும். எனவே டோக்கனை உங்கள் கணினியின் ஹோம் கோப்புறையில் உள்ள அதே பெயருடைய கோப்பில் எழுதுங்கள். இரண்டு சாய்கோடுகள், ரெஜிஸ்ட்ரியின் முகவரி, ஒரு சாய்கோடு, முக்காற்புள்ளி, அடிக்கோட்டில் தொடங்கும் ஆத்டோக்கன், சமக்குறி, டோக்கன் என்பதே வரிசை. முந்தைய வரியைப் போல இங்கே முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்த்தால் என்பிஎம் அந்த வரியைப் பொருத்திப் பார்க்காது, 401 தொடரும். தானியங்கி பில்டு சர்வரிலோ டோக்கனுக்குப் பதிலாக, டாலர் குறியும் நெளி அடைப்பும் கொண்ட சூழல் மாறியின் பெயரை எழுதி, மதிப்பை அந்தச் சர்வரின் சீக்ரெட்ஸ் பகுதியில் வையுங்கள்.

இதற்குப் பிறகும் அனுமதி மறுப்பைச் சொல்லும் 403 வந்தால், டோக்கனின் உரிமைகளையும், அந்தப் பேக்கேஜைப் படிக்க உங்கள் கணக்குக்கு அனுமதி உள்ளதா என்பதையும் பாருங்கள். தவறிப்போய் டோக்கன் கிட்டில் ஏறிவிட்டால், வரியை அழிப்பது போதாது, கிட் சேமித்த முந்தைய பதிவான பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே கிட்ஹப்பில் அந்த டோக்கனை ரத்து செய்து, புதியதை எடுத்து, ஹோம் கோப்பில் மாற்றிவிடுங்கள்.