தீர்ப்பு வந்த பிறகு: விடுதலைத் தேதிக் கணக்கும் வீட்டார் செய்ய வேண்டியதும்

நீதிமன்றம் சிறை என்றதும் தோட்டத்து லயத்தில் எல்லோரும் கேட்பது "எத்தனை வருசம்?" என்றுதான். அந்த எண்ணை மட்டும் வைத்து அவர் வீட்டுக்கு வரும் நாளைச் சொல்ல முடியாது. வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் கொடுத்த தண்டனை ஆகிய நான்கையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பு சிங்களத்தில் வாசிக்கப்பட்டிருந்தால் வெட்கப்படாமல் தமிழில் கேளுங்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவருக்குப் புரியாத மொழியில் விசாரணை நடந்தால் மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும் என்று இலங்கை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. "ஏதோ சொன்னாங்க, விளங்கல" என்று வீடு திரும்புவதால், தீர்ப்பை மாற்றும்படி உயர்ந்த நீதிமன்றத்தில் கேட்கும் மேன்முறையீட்டு நாட்கள் வீணாகின்றன.

அந்த நாட்கள் மிகக் குறைவு. நீதவான் நீதிமன்றத் தீர்ப்பானாலும் மேல் நீதிமன்றத் தீர்ப்பானாலும் மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். மேல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர், அந்த நாட்களுக்குள் சிறை அதிகாரிகளிடம் வாயால் அறிவித்தாலும் செல்லும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தைக் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: மேன்முறையீட்டில் தண்டனை கூடவும் இடமுண்டு. ஆகவே சட்டத்தரணி கோப்பைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

இனிக் கணக்கு. ஒருவருக்கு முதல் குற்றத்துக்கு 2 வருடம், இரண்டாவதற்கு 1 வருடம், அதோடு 30,000 ரூபா தண்டப்பணம், கட்டாவிட்டால் 6 மாதம் என்று வைத்துக்கொள்வோம். நீதிபதி "ஒரே காலத்தில்" என்று கட்டளையிட்டால் 2 வருடம். அப்படிச் சொல்லாவிட்டால் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும், 3 வருடம். தண்டப்பணம் கட்டாத 6 மாதம் இரண்டிலும் மேலதிகமாகச் சேரும். தீர்ப்புக்கு முன் விளக்கமறியலில் கழித்த மாதங்கள் தாமாகக் கழிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அதைக் கணக்கில் எடுக்கும்படி தண்டனை விதிக்கும் வேளையிலேயே சட்டத்தரணி கேட்க வேண்டும்.

தண்டப்பணத்தில்தான் தோட்டத்து மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முழுத்தொகை இல்லையே என்று வீட்டார் சும்மா இருந்துவிடுகிறார்கள். தவணை முறையில் கட்டவும் அவகாசம் பெறவும் நீதிமன்றத்தில் கேட்கலாம். சிறைக்குப் போன பிறகும் வழி அடைபடுவதில்லை. மேலே சொன்ன 6 மாதத்தில் 3 மாதம் கழிந்திருந்தால் மீதிப் பாதிக்குரிய 15,000 ரூபாவைக் கட்டினாலே அந்தச் சிறை முடிந்துவிடும். வட்டிக்கு வாங்கி முழுத்தொகையையும் கட்டுவதற்கு முன்னால் இன்றைய தேதிக்கு எவ்வளவு மீதி என்று சிறை அலுவலகத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யார் கையிலும் காசு கொடுக்காதீர்கள்.

நன்னடத்தைக்காகக் கிடைக்கும் நாட்குறைப்பைச் சிறை நிர்வாகமே கணக்கிடும். ஒழுங்கு மீறினால் அது போய்விடும். ஆகவே தண்டனை முழுதாக முடியும் தேதி, குறைப்பு போக விடக்கூடிய தேதி இரண்டையும் சிறையிலுள்ள நலன்புரி அதிகாரியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெசாக், சுதந்திர தினம் போன்ற நாட்களில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு வருவதுண்டு. ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் அது பொருந்தாது, அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பார்க்கப் போகும்போது எந்தச் சிறை என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வயதானவர்கள் இன்னும் கண்டியின் பழைய சிறையான "போகம்பறை" என்பார்கள். அங்கிருந்தவர்களைப் பல்லேகலையிலுள்ள தும்பறைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். மஸ்கெலியாவிலிருந்து போகிறவர் ஹற்றனில் ஒரு பஸ், கண்டியில் இன்னொரு பஸ் என்று அரை நாளைச் செலவழித்துவிட்டு வாசலில் திரும்ப நேர்ந்தால் அன்றைய சம்பளமும் போகும். அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். விளக்கமறியலில் இருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். தண்டனை பெற்றவருக்கு அப்படியல்ல. பார்க்கும் நாட்களும் வேறு. உள்ளே அடித்தார்கள், மருந்து தரவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

வீட்டில் தாமதிக்காமல் செய்ய வேண்டியது: அவர் சிறையில் இருப்பதாக நலன்புரி அதிகாரியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கிப் பல பிரதிகள் எடுங்கள். அவர் செக்றோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவில்) பெயர் போட்ட தொழிலாளி என்றால் ஒரு பிரதியைத் தோட்ட ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். இல்லையேல் வேலையை விட்டுப் போனவர் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அரசின் நிவாரணமான அஸ்வெசும காசு அவருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது என்றால் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ பராமரிக்க ஆளில்லாவிட்டாலோ அங்கேயே உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் காணுங்கள். பிள்ளைகளுக்கான அவசர இலக்கம் 1929.

விடுதலைக்கு ஒரு மாதம் முன்பு இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வேறு வழக்கில் நீதிமன்றம் அழைத்த நாளில் போகாமல் திறந்த பிடியாணை (எப்போதும் பிடிக்கச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை) இருந்தால், இந்தத் தண்டனை முடிந்தும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பழைய வழக்கு இலக்கங்களை அந்தந்த நீதிமன்றப் பதிவாளரிடம் காட்டிக் கேளுங்கள். பிடியாணை இருந்தால் அவர் உள்ளே இருக்கும்போதே சட்டத்தரணி மூலம் அந்த நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, அவரை அங்கே முன்னிலைப்படுத்தக் கேட்கலாம்.